ஆட்டோ மாமா எந்த வட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கடலூர் பக்கத்தில், சிறப்புப் பள்ளி ஒன்றில் மாணவ மாணவியருக்கு 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்ததாகப் படத்துடன் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, விருந்தினர் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். நல்ல நோக்கத்தோடுதான் அதை நடத்தியிருப்பார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டவுன் நோய்க்குறியோடு பிறந்து இப்போது 27 வயதாகும் மகனின் தகப்பன் என்ற முறையில், அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு முன்னும் பின்னும் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமல் விட்டுவிடுகிற செய்திகளைப் பற்றி எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். நான் சொல்வது எழுத்துகள் குழம்பித் தெரிகிற கற்றல் குறைபாட்டைப் பற்றி அன்று. பத்தாண்டுகளுக்கு முன்பு வரை அரசு ஆவணங்களில் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்றும், இப்போது 'அறிவுசார் குறைபாடுடையோர்' என்றும் குறிப்பிடப்படுகிறவர்களைப் பற்றியே எழுதுகிறேன். இவர்களை 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதும் வழக்கம் நம் செய்தித்தாள்களில் இன்னும் போகவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றமே 2009-இல் சண்டீகர் அரசுக் காப்பகத்துப் பெண் ஒருவரின் வழக்கில் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. காப்பகத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்த அந்தப் பெண்ணுக்கு லேசான அறிவுசார் குறைபாடு இருந்தது; கருவைக் கலைத்துவிட நிர்வாகம் அனுமதி கேட்டது; குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே விரும்புகிறேன் என்று அந்தப் பெண் சொன்னார். மனநோய் உள்ளவருக்குப் பொருந்தும் விதியை இவருக்குப் பொருத்தி, இவருடைய சம்மதம் தேவையில்லை என்று முடிவெடுக்க முடியாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் தவறினால் உரிமையும் தவறிப்போகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா என்று தெரியவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மகனுக்குப் பதினான்கு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கால்சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் அவன் கையில் ஓங்கி அடித்தேன். அவனுக்கு அடி எதற்காக என்று விளங்கவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தான். அடுத்த நாளும் அடித்தேன். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்த எனக்கு, அந்த ஒரு செயலுக்கு அடியைத் தவிர வேறு விடை தெரிந்திருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில் நடந்தது இதைவிடக் கொடியது. பேருந்துக்காகக் காத்திருந்தபோது, முன்னால் நின்ற கல்லூரிப் பெண்ணின் பின்னலில் இருந்த மல்லிகைச் சரத்தைத் தொட்டு முகர்ந்துவிட்டான். அந்தப் பெண் அலறினார். அலறியதில் அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சுற்றி நின்றவர்கள் என் மகனை அடித்தார்கள். நான் தேநீர் வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் அவன் உதடு கிழிந்திருந்தது. பணியிலிருந்த காவலர் அவன் முகத்தைப் பார்த்ததுமே நிலைமையைப் புரிந்துகொண்டு கூட்டத்தை விலக்கிவிட்டார். வீட்டில் அத்தையின் பூவையும் அக்காவின் பூவையும் அவன் சிறு வயதிலிருந்தே தொட்டு முகர்ந்து வந்தவன். நாங்களும் அதைப் பார்த்துச் சிரித்து வந்தவர்கள். ஆறு வயதில் யாரைக் கட்டிப்பிடித்தாலும் 'என்ன பாசம்' என்று கொஞ்சிய ஊர், பதினாறு வயதில் அதே கைகளுக்கு அடி கொடுத்தது. இடையில் இருந்த பத்து ஆண்டுகளில் அவனுக்கு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லித்தரப்படவில்லை.

அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த சிறப்பாசிரியை ஒருவரிடம் இரண்டு நிகழ்ச்சிகளையும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். முதல் நிகழ்ச்சிக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "சார், பையன் செஞ்சது தப்பில்ல. செஞ்ச இடம்தான் தப்பு." பிறகு அவர் சொல்லித்தந்தபடி வீட்டின் படங்களை அட்டையில் ஒட்டினோம். கதவு சாத்திய அவனுடைய அறைக்கும் குளியலறைக்கும் பச்சைப் புள்ளி. கூடம், திண்ணை, பள்ளி, பேருந்து, கோயில் எல்லாவற்றுக்கும் சிவப்புப் புள்ளி. கூடத்தில் கை போகும்போதெல்லாம் திட்டாமல், அந்த அட்டையைக் காட்டி அறைக்கு அனுப்பினோம். உள்ளே போனால் நாங்களும் கதவைத் தட்டாமல் நுழைவதில்லை என்ற விதியையும் அந்த ஆசிரியை எங்களுக்குப் போட்டார். தனிமை என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைக்குத் தனிமையை எப்படிக் கற்பிப்பது? அவனைக் குளிப்பாட்ட, உடை மாற்ற என்று கதவைத் திறந்துவைத்தே வளர்த்தவர்கள் நாங்கள்தாமே. ஏழெட்டு மாதம் பிடித்தது. ஆனால் நிலைத்தது.

அதன் பிறகு வட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 1980-களில் உருவாக்கப்பட்ட ஒரு முறை இது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல நிறங்களில் வட்டங்கள் வரைந்து, யாரிடம் எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளச் செய்வார்கள். எங்கள் ஆசிரியை வகுப்பறைத் தரையில் கோலமாவால் போட்டார். நடுவில் அவன் மட்டும். அடுத்த வட்டத்தில் அப்பா, அம்மா, அக்கா: கட்டிப்பிடிக்கலாம். அதற்கு வெளியே சித்தப்பா, அத்தை, ஆசிரியை, நண்பர்கள்: கை கொடுக்கலாம், தோளில் தட்டலாம். அதற்கும் வெளியே கடைக்காரர், நடத்துநர், பக்கத்துத் தெருக்காரர்: கும்பிடலாம், பேசலாம், தொடக்கூடாது. கடைசியில் யாரென்றே தெரியாதவர்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது என் மகன் கேட்ட கேள்வியில் ஆசிரியையும் நானும் விழித்தோம். "அப்பா, ஆட்டோ மாமா எந்த வட்டம்?"

இந்த முறையை உருவாக்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. நாம் தெருவில் போகிற எல்லோரையும் உறவாக்கிக்கொண்டு வாழ்கிறவர்கள். ஆட்டோ ஓட்டுபவர் மாமா, பால் ஊற்றுபவர் அண்ணா, கீரைக்காரர் ஆயா, நடத்துநர் அண்ணா, காவலாளி தாத்தா. நமக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். உடன்பிறந்த அண்ணனும் பேருந்து அண்ணனும் வேறென்று யாரும் சொல்லாமலே தெரியும். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு, மாமா என்றால் மாமாதான். மாமா மடியில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். 2018-இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்தி மாதக்கணக்கில் சிதைக்கப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள், அவள் வாழ்ந்த அதே குடியிருப்பில் லிப்ட் இயக்கியும் காவல் காத்தும் வேலை பார்த்தவர்கள் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். முன்பின் தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று மட்டும் சொல்லி அனுப்புகிற பாடம், நாள்தோறும் வீட்டு வாசலுக்கு வருகிற மாமாவிடமிருந்து யாரையும் காப்பாற்றாது. நாங்கள் 'வீட்டு மாமா', 'ரோட்டு மாமா' என்று இரண்டு சொற்களை உண்டாக்கிக்கொண்டோம். ஆட்டோக்காரர் முதலில் மனம் வருந்தினார். காரணத்தைச் சொன்ன பிறகு, அவன் இறங்கும்போது அவராகவே கும்பிடத் தொடங்கினார்.

சொற்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஆண்குறி, பெண்ணுறுப்பு என்ற சொற்கள் பத்தாம் வகுப்புப் பாடநூலுக்கு மட்டும் உரியவை என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். வீட்டில் 'அது', 'அந்த இடம்', குழந்தைகளுக்குக் 'குஞ்சு'. மீசை முளைத்த என் மகன் 20 வயது வரை அந்தக் குழந்தைச் சொல்லைத்தான் வைத்திருந்தான். செய்தித்தாள்களோ, தங்கள் நாளிதழ் உட்பட, 'மர்ம உறுப்பு' என்று எழுதுகின்றன. மர்மம் என்று பெயரிடப்பட்ட ஒன்றில் வலி ஏற்பட்டாலும், புண் வந்தாலும், வேறொருவர் கை வைத்தாலும் ஒரு பிள்ளை அதை எப்படி வாய்விட்டுச் சொல்லும்? 2013-இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டபோது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வாக்குமூலத்தைச் சிறப்பாசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பதிவு செய்ய வேண்டும் என்றும் அதை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களிலும் அது தொடர்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் குழந்தைகளின் வாக்குமூலத்துக்குச் சிறப்பாசிரியரின் உதவியைப் பெற வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு உறுப்பின் பெயரையும் 'வேண்டாம்' என்ற சொல்லையும் முன்கூட்டி யாரும் கற்பிக்காதபோது, அருகில் உட்காருகிற சிறப்பாசிரியர் எதை மொழிபெயர்ப்பார்? ஆகவே இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், நான் எழுதியுள்ள சொற்களை 'மர்ம உறுப்பு' என்று திருத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலை எங்களுடையதைவிடப் பல மடங்கு. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மனைவியின் தோழி ஒருவர், தம் மகள் வயதுக்கு வருவதற்கு ஓராண்டு முன்பிருந்தே அவளைப் பழக்கத் தொடங்கினார். நாப்கினில் பீட்ரூட் சாற்றை ஊற்றிக் காட்டி, எடுப்பது, மடிப்பது, காகிதத்தில் சுற்றுவது, கூடையில் போடுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனி படியாகப் பிரித்து, ஒரு படி கைவந்த பிறகே அடுத்த படிக்குப் போனார். அந்தப் பெண் இன்று தன் மாதவிலக்கைத் தானே பார்த்துக்கொள்கிறாள். அதே காலத்தில், எங்களுக்குத் தெரிந்த வேறு இரண்டு குடும்பங்கள் மகள்களின் கருப்பையை எடுத்துவிட முடியுமா என்று மருத்துவரைத் தேடிக்கொண்டிருந்தன. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. களைத்துப்போன தாய்மார்கள் அவர்கள். தாங்கள் இல்லாத நாளை நினைத்து நடுங்குகிறவர்கள். 1994-இல் புனேயில் அரசுக் காப்பகத்துப் பெண்களுக்குக் கருப்பை நீக்க அறுவை செய்தபோதும் இதே காரணங்கள்தாம் சொல்லப்பட்டன. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரை, அவர் புரிந்துகொண்டு தாமாகத் தரும் சம்மதம் இல்லாமல், குழந்தைப் பேற்றைத் தடுக்கும் எந்த மருத்துவச் செயலுக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. அதே பிரிவுதான் இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டியது அரசின் கடமை என்றும் சொல்கிறது. முதல் பாதியை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது பாதியை நம் மாவட்டத்தில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. கருப்பையை எடுத்துவிட்டால் தவறு நடக்காது என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தவறு நடப்பது அப்படியேதான் இருக்கும், நடந்தது வெளியே தெரியாமல் மட்டுமே போகும்.

'இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா' என்று பெற்றோர் கூட்டங்களில் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். அறிவு வளர்ச்சி தாமதப்பட்டாலும் பருவ மாற்றம் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளுக்கு வருகிற வயதிலேயே வந்துவிடுகிறது. எண்ணத்தை உடம்பு கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது, அதற்குப் பெயரும் எல்லையும் சொல்வதுதான் நம்மிடம் மிஞ்சியிருக்கும் வேலை. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் உறவுகள், பாலியல் பற்றிய கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டபோது சிறப்புப் பள்ளிகளையும் அதில் சேர்த்தே விதி செய்தார்கள். இங்கே 2007-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தையே பல மாநிலங்கள் நிறுத்திவைத்தது தங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாதத்துக்குள் நான் இப்போது போகப்போவதில்லை. மற்ற பிள்ளைகள் நல்லதோ கெட்டதோ நண்பர்களிடமிருந்தும் கைப்பேசியிலிருந்தும் பாதியாவது தெரிந்துகொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டு வாசலும் இல்லை.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'உடம்புக்கு 27, புத்திக்கு ஏழு' என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பெருமூளை வாதம் உள்ள 38 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில், மன வயதைக் கணக்கில் கொண்டு அவரைப் போக்சோ சட்டத்தின் கீழ் குழந்தையாகக் கருத வேண்டும் என்று கேட்டபோது, 18 என்பது உடல் வயதைத்தான் குறிக்கும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குக் கடும் கோபம் வந்தது. ஒரு பாதுகாப்பைப் பறித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இப்போது என் எண்ணம் அவ்வளவு உறுதியாக இல்லை. புத்திக்கு ஏழு வயது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பாதுகாப்போடு சேர்த்து, அவன் ஆயுள் முழுவதும் யாரையும் விரும்பக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஏழு வயதுக் குழந்தை சம்பளம் வாங்கி அதில் தன் தாய்க்கு வளையல் வாங்கிக்கொண்டு வருவதில்லை. என் மகன் வருகிறான்.

அவன் வேலை பார்க்கும் தொழிற்பயிற்சிக் கூடத்தில் காகிதப் பை ஒட்டுகிறார்கள். அங்கே ஒரு பெண்ணுக்காக நாள்தோறும் தன் பங்குக் கடலை மிட்டாயில் பாதியை எடுத்து வைக்கிறான். ஒருநாள் மதிய இடைவேளையில் இருவரும் கை கோத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நிர்வாகத்தினர் அவர்களை வெவ்வேறு அறைக்கு மாற்றினார்கள். எங்களை அழைத்துக் கண்டித்தார்கள். இரு வீட்டாரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை, அந்த இருவரிடம் கேட்கவே இல்லை. எத்தனையோ மாதம் உழைத்து நாங்கள் கற்றுக்கொடுத்ததை அவன் சரியாகத்தான் செய்திருந்தான்: முதலில் 'கை பிடிக்கலாமா' என்று கேட்டிருக்கிறான், அவள் தலையசைத்த பிறகே பிடித்திருக்கிறான். கேட்டுப் பெற்ற சம்மதத்துக்கும் பேருந்து நிலையத்தில் கேட்காமல் தொட்டதற்கும் ஒரே தண்டனை என்றால், அவன் இரண்டுக்கும் என்ன வேறுபாடு காண்பான்? வீடு, குடும்பம், உறவு ஆகியவற்றுக்கான உரிமையைச் சொல்லும் 23-ஆவது பிரிவைக் கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அது கடலூர் வரை வந்து சேர இன்னும் எத்தனை பேருந்து மாற வேண்டுமோ.

திருமணத்தைப் பற்றி என்னிடம் முடிவான விடை இல்லை. அக்காள் திருமணத்துக்குப் பிறகு 'எனக்கு எப்போ' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான். 'கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லும் உறவினர்களும் இருக்கிறார்கள். குறைபாட்டை மறைத்து ஏழை வீட்டுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து சமையலுக்கும் பணிவிடைக்கும் வைத்துக்கொள்வதைத் திருமணம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. அவனுக்கு நான் இப்போதைக்குச் சொல்லும் பதில், 'அவளுக்கும் விருப்பம் இருக்க வேண்டும், அவள் அப்பா அம்மாவிடம் பேச வேண்டும், நீ ஒரு குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவரை பார்ப்போம்' என்பதே. தட்டிக்கழிப்பதாகப் படலாம். பொய் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் அன்று. சிறப்புப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் எழுதுகிறார்கள்; சட்டை பொத்தான் போடுவதும் பணம் எண்ணுவதும் அதில் இருக்கின்றன. பத்து வயதிலிருந்து உறுப்புகளின் பெயர், தனி இடம், யாரிடம் எவ்வளவு நெருக்கம், கேட்பது, மறுப்பது ஆகியவையும் அதே தாளில் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கொரு முறை விருந்தினர் வந்து பேசிவிட்டுப் போனால் நம் பிள்ளைகளுக்கு ஏறாது. ஒரே செய்தியை நூறு நாள் செய்து பார்த்தால்தான் ஏறும். நான் பார்த்த பள்ளிகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் பெண்கள். சவரத்தையும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதையும் ஒரு வளர்ந்த பையனுக்கு விளக்க அவர்கள் தயங்குவது இயல்பே, எனவே தகப்பன்மார்கள் பள்ளிக்கு வந்து உட்கார வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தமிழ்ப் படங்களோடு, தமிழ் உறவுமுறைச் சொற்களையும் கணக்கில் கொண்டு, ஒரு பாடத் தொகுப்பை அவர்கள் அச்சிட்டு அனுப்பினால், நம் வட்டார வள மையங்களில் மாதம் ஒருமுறை பெற்றோரைக் கூட்டி நடத்த மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகச் செலவாகாது.

கடிதம் நீண்டுவிட்டது. தாங்கள் சுருக்குவதில் எனக்கு மறுப்பில்லை. எழுதி முடித்ததும் என் மகனைப் பற்றியது என்பதால் அவனுக்குப் படித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டேன். மல்லிகைப் பூவைப் பற்றி எழுதலாம் என்றான். அடி வாங்கியதையும் எழுதலாம் என்றான். தான் கடலை மிட்டாய் எடுத்து வைக்கும் பெண்ணின் பெயரை மட்டும், அவளைக் கேட்காமல் எழுதக் கூடாது என்றான். எழுதவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை,
மஞ்சக்குப்பம், கடலூர்.